மீளமைத்தும் தீராத மந்தம்

கணினி மந்தமாகிவிட்டது என்று எவரேனும் முறையிட்டால் இக்காலத்தில் ஊரெங்கும் ஒரே மருந்துதான் சொல்லப்படுகின்றது: "ரீசெட் பண்ணிப் பாருங்கோ." எந்த நோயோடு போனாலும் முதலில் பேதிக்குக் கொடுத்த பழைய பரியாரிமாரைப் போல, திருநெல்வேலிச் சந்தியிலிருந்து ரொறன்ரோ வரைக்கும் தம்பிமார் இதனையே சொல்லுகின்றார்கள். பலருக்கு அது பலிக்கவும் செய்கின்றது. பலிக்காமற்போன ஒரு வீட்டைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

மீளமைக்கும் இந்த வசதி, விண்டோஸ் இயங்குதளத்தில் 2012ஆம் ஆண்டில் வெளியான எட்டாம் பதிப்போடு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதென்றால் இறுவட்டு வேண்டும், அதற்குரிய இலக்கம் வேண்டும், அரை நாள் வேண்டும், விடயம் அறிந்த ஒருவரும் வேண்டும். இப்போது அமைப்புகளுக்குள் நுழைந்து நாலைந்து தடவை அழுத்தினாற் போதும். இரண்டு தெரிவுகளை அது முன்வைக்கும். உமது கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அனைத்தையும் நீக்கவா என்பது கேள்வி. ஒரே அளவான எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் போல அவை இரண்டும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையேயுள்ள தூரத்தை அவசரத்தில் அழுத்தும் விரல் அறியாது.

நான் சொல்லப்போகின்ற மடிக்கணினி, மயிலிட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. மாஸ்ரர் என்றே குறிப்பிடுகின்றேன், பெயர் வேண்டியதில்லை. 1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறியபோது அவரும் குடும்பத்தோடு வெளியேறினார். உரும்பிராயில் வாடகை வீடு, பின்பு உறவினர் காணியில் ஒரு சிறிய வீடு என்று காலம் போயிற்று. 27 ஆண்டுகளின் பின்னர், 2017 யூலை 3ஆம் நாள் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய நிலமும் விடுவிக்கப்பட்டபோது போய்ப் பார்த்தார். பற்றை மூடிக் கிடந்த வெளியில், தம் வீடு இருந்த இடத்தை ஒரு கிணற்றுக் கட்டை வைத்தே அவரால் அடையாளங் காண முடிந்தது.

அன்று தொடங்கியது அவருடைய வேலை. ஒழுங்கை ஒழுங்கையாக எந்தக் காணியில் எவருடைய வீடு இருந்தது, அக்காணியின் பெயர் என்ன, கிணறு எந்த மூலையில், வேலியில் நின்ற மரம் எது, அந்த வீட்டுப் பிள்ளைகள் இப்போது எந்த நாட்டில் என்றெல்லாம் ஒரு பட்டியல் எழுதினார். 412 வீடுகள் வரை வந்திருந்தன. இதற்காக லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, திருச்சி என்று சிதறிக் கிடந்த ஊரவர்களைத் தொலைபேசியில் பிடித்து 43 முதியவர்களின் குரல்களையும் ஒலிப்பதிவு செய்திருந்தார். அந்த 43 பேரிலும் பாதிக்கு மேற்பட்டோர் இன்று இல்லை.

இவ்வளவும் ஒரேயொரு மடிக்கணினிக்குள் இருந்தன. பட்டியலின் முற்பகுதி மட்டும் ஒரு பென்டிரைவில் இருந்தது. அதுவும் இரண்டு வருடத்துக்கு முந்தியது.

அந்த மடிக்கணினி ஜேர்மனியிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் இப்படியான கணினிகள் ஏராளம். அவற்றின் விசைப்பலகையைப் பார்த்தே அந்த வீட்டின் பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கின்றார்கள் என்று சொல்லிவிடலாம். ஜேர்மனியென்றால் இரண்டு எழுத்துகள் இடம்மாறி இருக்கும், பிரான்சென்றால் மேல்வரிசையே வேறாயிருக்கும். மாஸ்ரருடையது 2016இல் வாங்கப்பட்டது. 4 ஜீபி நினைவகம், 500 ஜீபி கொண்ட பழைய சுழலும் வகை வன்தட்டு. மின்கலம் எப்போதோ செத்துவிட்டது. வயரைச் செருகினால்தான் வேலை செய்யும்.

சில மாதங்களாக அது மிகவும் மந்தமாகியிருந்தது. காலையில் அழுத்திவிட்டு, தேத்தண்ணி குடித்து, பேப்பர் வாசித்து முடிக்கையில்தான் திரை தெளியும். மகன் தொலைபேசியில் ரீசெட் பண்ணச் சொன்னார். மாஸ்ரர் ஒரு கடையில் கொடுத்தார். கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவில் அவர்கள் அதனைச் செய்து கொடுத்தார்கள். இரண்டு நாள் பறந்தது. மூன்றாம் நாள் நடந்தது. மூன்றாம் வாரத்தில் பழையபடி தவழத் தொடங்கிவிட்டது. திரும்பக் கொண்டுபோனபோது, இம்முறை முழுவதையும் அழித்துவிட்டுச் செய்தால் சரிவரும் என்று சொல்லியிருக்கின்றார்கள்.

அத்தோடு இன்னொரு இடியும். மீளமைத்த பின்னர் மாஸ்ரர் தம் பட்டியலைத் திறந்தபோது அதில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக ஒரு குப்பைக் குவியல். இதனாற்றான் அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, அவங்கள் முழுக்க அழிச்சுப் போட்டுச் செய்து தாறம் எண்டுறாங்கள். எனக்கு நெஞ்சு பதறுது. நீங்கள் பேப்பர்க்காரர், இந்த எழுத்து என்னவெண்டு ஒருக்காப் பாருங்கோ."

எழுத்து என்னவென்பது பார்த்தவுடனேயே விளங்கிற்று. மாஸ்ரர் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்பவர். ஈழத்துப் பத்திரிகைகளிலும் புலம்பெயர்ந்தோர் சஞ்சிகைகளிலும் நெடுங்காலம் கோலோச்சிய எழுத்துரு அது. ஒருங்குறி வருவதற்கு முந்திய இத்தகைய எழுத்துருக்களில், கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். மீளமைக்கும்போது நாம் பின்னர் நிறுவிய மென்பொருள்கள் யாவும் நீங்குகின்றன, நாம் சேர்த்த எழுத்துருக்களும் அவற்றோடு போய்விடுகின்றன. போர்வை போனதும் உள்ளிருந்தது தெரிந்தது, அவ்வளவே. என் பென்டிரைவில் இருந்த பாமினியை நிறுவியதும் மயிலிட்டி திரும்பி வந்தது. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

(உங்களிடம் இப்படிப் பழைய எழுத்துருவில் ஆவணங்கள் கிடக்குமாயின், அவற்றை இன்றே ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். சுரதாவின் எழுத்துருமாற்றியைப் பயன்படுத்தியவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை என்பது தெரியும்.)

நிற்க. எழுத்து வந்துவிட்டது, மந்தம் போகவில்லை. அந்த ஒரு கோப்பைத் திறப்பதற்கே நாலு நிமிடம் பிடித்தது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. மின்சாரமில்லாத தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துச் சிறிய அச்சகங்கள் சில, காலால் மிதிக்கும் யந்திரத்தோடும் ஈய எழுத்துகளோடும் ஓடிக்கொண்டிருந்தன. பத்திரிகைத் தாளும் தடைசெய்யப்பட்ட பொருள்; பாடசாலைக் கொப்பித் தாளிற்கூடப் பத்திரிகை அடித்த காலம். ஒரு நினைவுமலரில் ஒரு பக்கம் மங்கலாகவே விழுந்துகொண்டிருந்தது. மலர்க்குழுவினர் பக்கத்தைக் கலைத்து மறுபடியும் கோக்கச் சொன்னார்கள். அச்சுக்கோப்பாளர் மறுபேச்சின்றிக் கலைத்தார், கோத்தார், அடித்தார். அப்படியேதான் விழுந்தது. "எழுத்துத் தேஞ்சு போச்சு ஐயா. எத்தினை தரம் கோத்தாலும் அதே எழுத்தைத்தானே கோக்கிறன்" என்றார் அவர். மீளமைத்தலும் மறுபடி கோத்தல்தான். பக்கம் புதிது, ஈயம் பழையது.

ஆகவே மீளமைத்த பின்னும் மந்தம் தொடருமாயின், அது வீண் முயற்சி என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு பெரிய சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்கின்றது. தேவையற்ற மென்பொருள்கள், குப்பைக் கோப்புகள், நச்சுநிரல்கள் என்று நாம் சந்தேகித்தவர்களுட் பெரும்பாலானோர் நிரபராதிகள் என்பது அச்சாட்சியம். இனி விசாரணை உடம்பின் பக்கம் திரும்ப வேண்டும். மறுபடியும் அதே சந்தேக நபர்களைப் பிடித்து உள்ளே போடுவதால், அதாவது இரண்டாம் மூன்றாம் முறை மீளமைப்பதால், என்ன பயன்?

ஒரு விதிவிலக்கு உண்டு. மீளமைத்த முதல் ஓரிரு நாள்கள் எந்தக் கணினியும் திணறத்தான் செய்யும். இற்றைப்படுத்தல்கள் இறங்கிக்கொண்டிருக்கும், நச்சுநிரற் காவலன் ஒவ்வொரு கோப்பாய்த் துருவிக்கொண்டிருக்கும், தேடுவதற்கான அட்டவணை தயாராகிக்கொண்டிருக்கும். கைப்பேசியின் இணைப்பைப் பகிர்ந்து இணையம் பார்ப்பவர்களுக்கு இவை முடிய இன்னும் நாளாகும். இரண்டு இரவுகள் மின்னிணைப்போடும் இணைய இணைப்போடும் விட்டுவைத்துவிட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும். மாஸ்ரருக்கோ மூன்று வாரம் கடந்துவிட்டது.

விசாரணைக்குரிய கருவி எல்லா விண்டோஸ் கணினிகளிலும் இருக்கின்றது, காசு கொடுக்க வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் செயலி, நினைவகம், வட்டு என்று நிரல்கள் இருக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும்போதே இதனைத் திறந்து, எந்த நிரல் சிவந்து நிற்கின்றது என்று பார்க்க வேண்டும். ஓய்ந்திருக்கும்போது பார்ப்பது, காய்ச்சல் விட்டபின் உடற்சூடு பார்ப்பதைப் போன்றது.

மாஸ்ரரின் கணினியில் செயலி நூற்றுக்கு ஆறு. நினைவகம் அறுபத்தைந்து, 4 ஜீபிக்கு அது வழமையே. வட்டோ நூற்றுக்கு நூறு. ஆனால் அந்த நூறிலும் அது செய்துகொண்டிருந்த வேலை, செக்கனுக்கு அரை மெகாபைற்றுக் கூட இல்லை. உள்ளே செயற்றிறன் என்ற பக்கத்தில், வட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எடுக்கும் சராசரி நேரமும் தெரியும். நல்ல நிலையிலுள்ள சுழலும் வட்டு, வேலைப்பளுவின் நடுவிலும் பத்து, இருபது, மிஞ்சினால் ஐம்பது மில்லிசெக்கனில் பதில் சொல்லும். இங்கே 2,000, 3,000 என்று எண்கள் ஏறி இறங்கின. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று செக்கன்! முழு மூச்சோடு ஓடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும் மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

வட்டின் மீது பழி விழுந்துவிட்டாலும் மற்றவர்களையும் விசாரிக்காமல் விடலாகாது. வேறு வீடுகளில் குற்றவாளி வேறாக இருக்கும். ஒருவர் மின்னேற்றி. பழையது பழுதாகிவிட, கடையில் வாங்கிய மாற்று மின்னேற்றியைச் செருகியிருப்பார்கள். சில வகை மடிக்கணினிகள் தமக்குரிய மின்னேற்றியைத் தாமே இனங்காணும். இனங்காண முடியாவிடில், போதிய மின்சாரம் கிடைக்காது என்று அஞ்சிச் செயலியின் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடும். என்ன வேலை கொடுத்தாலும் செயலியின் வேகம் ஒரு கிகாஹேர்ட்ஸுக்குக் கீழேயே நிற்குமானால் இந்தச் சந்தேகம் எழ வேண்டும். இதற்கும் எத்தனை முறை மீளமைத்தாலும் தீர்வில்லை.

மற்றவர் வெப்பம். உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகம் ஆகிய செம்மண் ஊர்களில் சோளகக் காற்றடிக்கும் மாதங்களில் விறாந்தையைக் காலையிற் கூட்டினால் மாலையிற் செம்மை படர்ந்திருக்கும். அந்தத் தூசியை மடிக்கணினியின் விசிறி உள்ளே இழுத்து, காற்றுப் போகும் வழியில் ஒரு கம்பளம் நெய்துவிடுகின்றது. செயலிக்கும் வெப்பத்தைக் கடத்தும் உலோகத்துக்கும் இடையே பூசிய பசையும் ஆண்டுகள் போகக் காய்ந்துவிடும். 95, 100 பாகை செல்சியஸைத் தொட்டதும் செயலி தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் நன்றாயிருந்து அரை மணித்தியாலத்தில் மந்தமாகும் கணினிக்கு இதுவே பெரும்பாலும் காரணம். மாஸ்ரரின் கணினியோ ஆரம்பத்திலிருந்தே தவழ்ந்தது. தொட்டுப் பார்த்தாற் குளிர்ந்துமிருந்தது.

திரும்ப வட்டுக்கு வருவோம். பழைய வகை வன்தட்டு உள்ளே ஓர் இசைத்தட்டைப் போலச் சுழல்கின்றது. மடிக்கணினிக்குரியது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது செக்கனுக்கு 90. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன். அதன் பரப்பு மிகச் சிறிய துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டு பழுதடைந்து வாசிக்க முடியாமற் போனால், வட்டு உடனே கையை விரிப்பதில்லை. அடுத்த சுற்று வரும் வரை காத்திருந்து மறுபடியும் வாசித்துப் பார்க்கும். முனையைச் சற்றே நகர்த்தி மீண்டும் பார்க்கும். பத்துத் தரம், ஐம்பது தரம், நூறு தரம். ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு சுற்று போய்விடும். ஈற்றில் வாசித்தும் விடலாம். அதனாற்றான் கோப்பு சுகமாகத் திறக்கின்றது, நாமும் வட்டு நலமாயிருக்கின்றது என்று எண்ணிக்கொள்கின்றோம். அது அந்த ஒரு சொல்லை வாசிக்க எத்தனை தடவை முயன்றது என்பது நமக்குத் தெரிவதில்லை. கண்பார்வை மங்கிய முதியவர் ஒருவர் பழைய உறுதியொன்றை வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் பிடித்து வாசிப்பதைப் போன்றது அது. வாசித்து முடிப்பார், ஆனால் பின்னால் நிற்கும் எல்லோரும் காத்து நிற்பார்கள்.

மீளமைத்த பின் இரண்டு நாள் பறந்தது எதனால்? பழுதடைந்த துண்டை வாசிக்கத்தான் வட்டு திண்டாடுகின்றது. அதன்மீது புதிதாக ஏதேனும் எழுதச் சொன்னால், அது சரிவராதவிடத்து, ஒதுக்கிவைத்த மாற்றுத் துண்டொன்றில் எழுதிவிட்டுப் பழையதைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும். மீளமைத்தல் என்பது பல ஜீபி அளவில் புதிதாக எழுதுவதல்லவா? தற்காலிகமாகக் காயங்கள் மூடிவிடுகின்றன. கடைக்காரரும் வாடிக்கையாளரும் மகிழ்கின்றார்கள். நோயோ பரவிக்கொண்டே இருக்கின்றது. மற்றத் துண்டுகள் ஒவ்வொன்றாய்ப் போகின்றன. அதற்குள், சாகக் கிடக்கும் வட்டை மணிக்கணக்காக அலைக்கழித்து ஓடவைத்ததும் மீளமைத்தல்தான். இதனாலேயே இரண்டாம் முறை என்றதும் எனக்கும் நெஞ்சு பதறியது.

வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிந்து வைக்கும் வழக்கமுடையவை. அதனை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. ஜப்பானியர் ஒருவர் ஆக்கிய கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ அவற்றுள் பெயர்பெற்றது. நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மாஸ்ரரின் வட்டு மஞ்சளாயிருந்தது. மாற்றப்பட்ட துண்டுகள் பல நூறு. வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை இன்னும் பல. இதைக் கண்டதும் நான் செய்தது ஒன்றே: கணினியை அணைத்து, வயரைப் பிடுங்கினேன்.

"என்ன தம்பி, சரிப்பண்ணேலாதோ?"

"கணினியைச் சரிப்பண்ணலாம் மாஸ்ரர். முதல்லை உங்கடை ஊரை வெளியிலை எடுப்பம்."

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. அதே நாள்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளிக்கிட்டபோது விட்டுவந்த அலுமாரிகளுக்குள் என்னென்ன இருந்தன என்பதற்குப் பட்டியலே இல்லை. ஒரே பிரதி என்றால் என்னவென்பதை இவ்வளவு விலைகொடுத்துப் படித்த சமூகம், அத்தனையையும் கைப்பையளவான ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு நிம்மதியாயிருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது. நெருப்பென்றால் நமக்குத் தெரிகின்றது. மந்தம் என்பது நமக்கு வெறும் எரிச்சலாகவே தோன்றுகின்றது.

திருநெல்வேலியில் இத்தொழில் செய்யும் ஒரு பெடியனை எனக்குத் தெரியும். கடைப்பலகையில்லை, வீட்டின் முன்னறைதான் கடை. அவன் மடிக்கணினியிலிருந்து வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினான். அங்கே விண்டோஸ் இல்லை, லினக்ஸ். டிடிரெஸ்கியூ என்றொரு கட்டற்ற மென்பொருளை ஓடவிட்டான்.

"ஐயா, இது வலு விவேகமான சாமான். பிழையான இடத்திலை நிண்டு மல்லுக்கட்டாது. முதல்லை நல்ல இடம் முழுக்க அள்ளிக்கொண்டு வந்திடும். பிறகுதான் திரும்பிப் போய்ப் பழுதானதைச் சுரண்டும்."

எவ்வளவு நல்ல ஒழுங்கு! வட்டிலுள்ள பிழைகளைத் திருத்துகின்றேன் என்று விண்டோஸிலேயே ஒரு கருவி உண்டு. பலர் முதலில் அதனைத்தான் ஓடவிடுகின்றார்கள். அது முழு வட்டையும் துருவித் துருவி, இருக்கும் கொஞ்ச உயிரையும் வாங்கிவிடக்கூடும். எடுக்க வேண்டியதை எடுத்த பின்னரே திருத்த வேலை. உங்களுக்கு இவ்வளவு வசதி இல்லாவிடினும் இந்த ஒழுங்கையாவது கடைப்பிடிக்கலாம். முழுக் கோப்புறைகளை இழுத்துப் போடாமல், உலகில் வேறெங்கும் கிடைக்காத சிறிய கோப்புகளை முதலில் எடுங்கள். சினிமாப் பாட்டுகள் கடைசியில் வரட்டும்.

நகலெடுப்பு 31 மணித்தியாலம் ஓடியது. இடையில் ஞாயிற்றுக்கிழமை, பராமரிப்பு வேலைக்காகக் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. ஆயினும் எதுவரை எடுத்தோம் என்பதை அம்மென்பொருள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தது. மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. மின்சாரத்தைப் பற்றிய பேச்சு வந்தபடியால் இதையும் சொல்லிவிடுகின்றேன். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய நாள்களில், மின்கலம் செத்த இந்த மடிக்கணினி எத்தனை தடவை நடுவேலையில் சடாரென்று அணைந்திருக்கும்! 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததனால் நாடே இருண்டது. அன்றும் மாஸ்ரர் தட்டச்சுச் செய்துகொண்டுதான் இருந்தாராம். வட்டின் பழுதுக்கு இதுவே காரணம் என்று சத்தியம் செய்ய இயலாது; பத்து வயதே போதுமான காரணம். ஆனால் செத்த மின்கலத்தோடு மடிக்கணினியை ஓட்டுவது, இந்த நாட்டில், பிறேக் இல்லாத சைக்கிளில் போவதைப் போன்றது.

அதே 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரிந்ததிலிருந்து புதிய மடிக்கணினி என்பது ஓய்வூதியக்காரர் கனவிலும் நினைக்காத பொருளாகிவிட்டது. நல்லகாலமாக அது தேவைப்படவில்லை. சுழலும் வட்டு இருந்த அதே இடத்தில், அதே அளவான, சுழலாத திண்ம வட்டு ஒன்றைப் பொருத்தலாம். அதில் நகரும் உறுப்பு எதுவுமில்லை. ஒன்றைத் தேடிப் பிடிக்கச் சுழலும் வட்டுக்குப் பத்துப் பதினைந்து மில்லிசெக்கன் வேண்டுமாயின், இதற்கு ஒரு மில்லிசெக்கனின் பத்திலொரு பங்கே போதும். 240 ஜீபி அளவுடையது மாஸ்ரருக்குத் தாராளம். பெடியன் அதனைப் பொருத்தி, விசிறியின் தூசியைத் தட்டி, மின்கலத்தையும் மாற்றிக் கொடுத்தான். இப்போது முப்பது செக்கனுக்குள் திரை தெளிகின்றது. மாஸ்ரருக்குப் பேப்பர் வாசிக்க நேரம் போதவில்லையாம்.

இயங்குதளந்தான் ஒரு சிக்கலாயிற்று. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. இந்த வயதுக் கணினியைப் பதினொன்றாம் பதிப்பு ஏற்றுக்கொள்ளாது. எழுத்தும் ஒலியும் இணையமுமே தேவை என்பதால் லினக்ஸ் போட்டுவிடலாம் என்றான் பெடியன். மாஸ்ரர் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். விசைப்பலகையில் பாமினியின் ஒழுங்கு மாறாதிருக்க வேண்டும் என்பதே அவர் போட்ட ஒரே நிபந்தனை. எழுதுவது ஒருங்குறி, விரல்கள் போவது பழைய வழி. அதுவும் செய்து கொடுக்கப்பட்டது.

பட்டியல் முழுமையாகக் கிடைத்தது. இப்போது அது மூன்று இடங்களில் இருக்கின்றது: மாஸ்ரரிடம் ஒன்று, ஜேர்மனியில் மகனிடம் ஒன்று, என் மேசை லாச்சிக்குள் ஒன்று. ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகத் திட்டத்துக்கும் கொடுக்கலாமே என்று சொல்லியிருக்கின்றேன். முடிவடையாத ஒன்றை எப்படிக் கொடுப்பது என்று தயங்குகின்றார். ஆசிரியர்களின் குணம் அது.

43 ஒலிப்பதிவுகளில் 40 பழுதின்றி வந்தன. இரண்டு பாதியில் நின்றுவிடுகின்றன. ஒன்று திறக்கவேயில்லை. பாதியில் நிற்கும் இரண்டும் காலமானவர்களுடையவை. திறக்காத ஒன்று, பாரிஸில் மகளோடு வசிக்கும் 91 வயதான ஓர் அம்மாவுடையது. மாஸ்ரர் அடுத்த சனிக்கிழமையே அங்கு தொலைபேசி எடுத்தார்; நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மகள்தான் பேசினார்.

"அம்மா இப்ப ஆக்களை மட்டுக்கட்டமாட்டா மாஸ்ரர். என்னையே சிலநேரம் ஆரெண்டு கேப்பா. ஆனா மயிலிட்டியைப் பற்றிக் கேட்டால் கதைப்பா."

இருபது நிமிடம் பதிவாகியிருக்கின்றது. கதையில் முன்பின் இல்லை; ஒரே ஒழுங்கையில் மூன்று தடவை நடந்தார். ஏழு கிணறுகளின் பெயர்களைச் சொன்னார். அவற்றுள் இரண்டு மாஸ்ரரின் பட்டியலில் இல்லை.